அப்பாவின் லேப்டாப்: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி என்ன செய்யலாம்?

ஏரிக்கரைப்பையன் (அல்சூர், பெங்களூரு):

வணக்கம் மக்களே. அப்பாவிடம் 2017-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஏழாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான புது வகை டிஸ்க்) இல்லை, சுற்றுகிற பழைய வகைதான். பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் போய் காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் டெஸ்க்டாப் தெரிய ஆரம்பித்திருக்கும்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டுவிட்டது. அதைச் சொல்லி அவ்வப்போது திரை முழுக்க ஒரு அறிவிப்பு வருகிறது. அப்பா அதை வைரஸ் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறார். பதினொன்றுக்குப் போகலாம் என்றால் சோதனைச் செயலி முடியாது என்கிறது. டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இருக்கின்றனவாம், ஆனால் பிராசஸர் எட்டாம் தலைமுறையாக இருக்க வேண்டுமாம். ஒரே ஒரு தலைமுறை! எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். நன்றாக ஓடுகிற பொருளை ஒரு பட்டியலில் இல்லை என்பதற்காகக் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்?

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு "மதர்போர்டு வீக், புதுசு வாங்கிடுங்க" என்றார். திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பா தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் தெருக் கோயில் நோட்டீஸ், திருவிழா வரவு செலவு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர்தான் அடித்துக் கொடுப்பார். எல்லாம் பாமினி எழுத்துருவில். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார், நான் ஆங்கிலத்தில் அடிப்பதைவிட வேகம். இது தவிர பென்ஷன் வந்ததா என்று பேங்க் சைட்டில் பார்ப்பது, யூடியூபில் கச்சேரி, அவ்வளவுதான்.

என் கேள்வி: ரூஃபஸ் என்ற செயலியை வைத்து விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாமா, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் போடலாமா, இல்லை கடைக்காரர் சொன்ன மாதிரி புதிதாகவே வாங்க வேண்டுமா? எழுபது வயதுக்காரருக்கு எது சரி வரும்?

எஸ்பிரோடு_சுற்றி:

தம்பி, முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று. மற்ற எல்லாம் அப்புறம். நீ சொல்கிற காபிக் கதைக்கு விண்டோஸ் காரணம் இல்லை, அந்தத் தட்டுதான் காரணம். அதே மிஷினில் ஒரு சாதாரண 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போட்டால் காபிக்குப் பால் காய்வதற்குள் டெஸ்க்டாப் வந்து நிற்கும். நானே இப்படி ஏழெட்டு லேப்டாப் மாற்றியிருக்கிறேன், என் மச்சினன் வீட்டில் இருப்பது 2015 மாடல், இன்னும் ஓடுகிறது.

ஒரு சனிக்கிழமை மெட்ரோ ஏறி கே.ஆர். மார்க்கெட்டிலோ சிக்பேட்டையிலோ இறங்கி, கம்ப்யூட்டர் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நட. ஞாயிறு போகாதே, முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும். முதல் கடையில் வாங்காதே. உள்ளே தள்ளி, மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் மட்டும் உட்காருகிற அளவுக்கு இருக்கும் கடைகளில்தான் விலை கட்டுப்படியாகும். கன்னடத்தில் "ஸ்வல்ப கம்மி மாடி" என்று ஆரம்பித்தால் அவரே தமிழுக்கு வந்துவிடுவார், பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். பில் கேட்டு வாங்கு. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார், அந்த ஆசை வேண்டாம், வாரண்டிக்குப் போய் நிற்கும்போது பில் இல்லையென்றால் உன்னை யார் என்றே தெரியாது என்பார்கள்.

ரேம் விஷயத்தில்தான் நேரம் சரியில்லை. 4 ஜிபி-யை 8 ஆக்கினால் நன்றாக இருக்கும், ஆனால் ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் எல்லாம் போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தலைதெறிக்க ஏறிவிட்டது. 2025 டிசம்பரில் மைக்ரான் என்ற சிப் கம்பெனி, நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு விற்கிற குரூஷியல் பிராண்டையே மூடப் போவதாக அறிவித்துவிட்டது. என் மேஜை டிராயரில் கிடக்கும் ரேம்களைப் பார்த்தால் இப்போது நகை மாதிரித் தெரிகிறது. ஆகவே பழைய டிடிஆர்4 வகை ரேம் எங்காவது கழற்றி வைத்தது கிடைத்தால் மட்டும் வாங்கு, கடையிலேயே போட்டு ஆன் செய்து பார்த்துவிட்டு.

குறுக்கு வழி விண்டோஸ் 11 வேண்டாம். ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆதரவில்லாத மிஷினுக்கு அப்டேட் தர வேண்டிய கடமை எங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. பெரிய வெர்ஷன் மாறும்போதெல்லாம் நீதான் பென் டிரைவோடு ஓட வேண்டும்.

பெல்லந்தூர்_ட்ராஃபிக்:

இவ்வளவு ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பேங்க், யூடியூப் இரண்டும் முடிந்தது. தமிழ் குரலில் சொன்னால் அதுவே அடித்துக்கொள்ளும்.

யளனக:

மேலே டேப்லெட் என்று சொன்னவர் தட்டச்சரோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததில்லை என்று நினைக்கிறேன். என் மாமனாரும் இதே வகை. இடது கை விரல்களை ய, ள, ன, க மேல் வைத்துவிட்டால் அவருக்குக் கண்ணே தேவையில்லை. கண்ணாடித் திரையில் போய் அவர் எதைத் தடவுவார்?

ஏரிக்கரை நண்பரே, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இங்கே பெரிய வேலை. பாமினி. அது யூனிகோட், அதாவது எந்த மிஷினிலும் தமிழைத் தமிழாகவே காட்டுகிற பொதுக் குறியீடு, வருவதற்கு முந்தைய ஏற்பாடு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உங்கள் அப்பா இத்தனை வருடமும் தமிழே அடிக்கவில்லை, ஆங்கில எழுத்துகளைத்தான் அடித்திருக்கிறார். ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி: இந்த ஐந்தையும் பாமினி எழுத்துருவில் காட்டினால் "தமிழ்" என்று தெரியும். எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். கோயில் கணக்கு முழுக்க அப்படி நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். தமிழ்நாட்டு அரசே 2010-ல் யூனிகோடுக்கு வந்துவிட்டது, ஆனால் நோட்டீஸ் அச்சடிக்கிற கடைகளில் இன்றும் பாமினி ராஜ்ஜியம்தான்.

ஆகவே எந்த ஓஎஸ் போட்டாலும் சரி, முதலில் எழுத்துரு ஃபைலையும் ஆவணங்களையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுங்கள். லினக்ஸிலும் அந்த எழுத்துருவை நிறுவலாம், வேர்டுக்குப் பதிலான லிபர் ஆபீஸில் திறந்தால் தெரியும். கொஞ்சம் இடம் நகரும், பத்திரிகைக் கட்டங்கள் கோணும், அவ்வளவுதான்.

அப்புறம் யூனிகோடுக்கு மாற்றுவது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் இரண்டு இடத்தில் அடிவாங்குவீர்கள், நான் வாங்கியிருக்கிறேன். ஒன்று, பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்பார்கள், அதாவது "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வந்து "ஒ"காரக் குறி ஒரே எழுத்தாகப் பின்னால் வரும். நல்ல மாற்றி இதைச் சரியாக இடம் மாற்றும், மட்டமானது கொம்பை அநாதையாக விட்டுவிடும். இரண்டாவது இதைவிடக் கொடுமை: ஃபைலில் நடுநடுவே நிஜமான ஆங்கிலம் இருந்தால் மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. என் மாமனாரின் இமெயில் முகவரி ஏதோ சித்தர் பாடல் மாதிரி ஆகிவிட்டது. மொத்தமாக அள்ளிப் போடாமல், வேர்டில் பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

இனிமேல் அடிப்பதற்கு அவரைத் தமிழ்99 கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். 1999-ல் வந்த நல்ல விசைப்பலகைதான், நான் அதில்தான் அடிக்கிறேன், ஆனால் நாற்பது வருட விரலை அதற்காகத் திருத்த முடியாது. விண்டோஸில் ஓடும் என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் பாமினி அமைப்பும் பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கின்றன. விரல் பழைய இடத்திலேயே இருக்கும், திரையில் யூனிகோட் விழும். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுச் செயலியோடு எம்17என் என்ற பொதியை நிறுவினால் அதிலும் தட்டச்சு அமைப்பு உண்டு. ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: புள்ளியை முன்னால் அடிப்பாரா, பின்னால் அடிப்பாரா? தட்டச்சுப் பொறியில் புள்ளி விசை தாளை நகர்த்தாது என்பதால் புள்ளி முதலில், எழுத்து பிறகு. பாமினியில் நேர்மாறு. இதைக் கேட்காமல் அமைத்துக் கொடுத்து ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.

புதினா_சட்னி:

என் பெயரைப் பார்த்தாலே என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. 4 ஜிபி ரேமுக்கு அதுதான் இதம். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடியாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் வரும், ஒரு பைசா செலவில்லை. (ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பெண் பெயர் வைப்பார்கள், வில்மா, சியா, சாரா என்று. ஏன் என்று கேட்காதீர்கள்.) ப்ளஸ் டூ முடித்ததும் ஊரில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில்தான் நான் முதலில் லினக்ஸைப் பார்த்தேன், அதில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் எல்லோரும் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் ஏற்றிக்கொண்டார்கள், நான் மட்டும் விட்டுவைத்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மேலே உள்ள பதிலைப் படித்த பிறகு எனக்கே கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு எம்எஸ் வேர்டும் பாமினியும் கைப்பழக்கம் என்றால் உடனே மாற்ற வேண்டாம். விண்டோஸ் 10-க்கு ஒரு வருட நீட்டிப்பு இருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 30 டாலர் என்று விலை போட்டிருக்கிறார்கள், ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் இலவசம். காசுக்குப் பதில் நம் விவரம், வழக்கமான வியாபாரம்தான். விண்டோஸ் 10-ன் 22எச்2 வெர்ஷனில் இருக்க வேண்டும், அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் சுட்டி வரும்.

அந்த அவகாசத்தில் ஃபைல்களை மாற்றுங்கள். மின்டை பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டலாம், நிறுவ வேண்டியதில்லை. பிரிண்டர் வேலை செய்கிறதா என்று அதிலேயே பார்த்துவிடுங்கள், கோயில் நோட்டீஸ்காரருக்கு அதுதான் உயிர்.

ஏரிக்கரைப்பையன்:

எல்லோருக்கும் நன்றி, போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்பிரோடு அண்ணா, நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை போனேன், நான்காவது கடையில் எஸ்எஸ்டி வாங்கினேன், பில்லோடு. ரேம் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டேன். பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்தேன், ராத்திரி முழுக்க ஓடியது. மதர்போர்டு வீக் எல்லாம் இல்லை, ஃபேனில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தது. இப்போது அப்பா ஆன் செய்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் வந்துவிடுகிறது. அவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், அந்த இடைவெளியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம்.

நீட்டிப்புக்குப் பதிவு செய்துவிட்டேன். பாமினி ஃபைல்கள் முந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது மாற்றினோம். அப்பா ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவால் பிழை திருத்தி, என்னிடம் திருப்பிக் கொடுக்கிறார். பதினெட்டாவது ஃபைல் என் அக்கா கல்யாணப் பத்திரிகை, அதில் மாப்பிள்ளையின் எம்.இ. பட்டம் ஏதோ மந்திரமாக மாறியிருந்தது. "இதை இப்படியே விட்டுடு" என்றார்.

யளனக சார், புள்ளியைப் பற்றிக் கேட்டேன். முன்னால்தான் அடிப்பாராம், ஆனால் கம்ப்யூட்டர் வந்த பிறகு பின்னால் பழகிக்கொண்டாராம், இப்போது அவசரத்தில் இரண்டும் வருமாம். இதற்கு ஏதாவது அமைப்பு இருக்கிறதா?