கார் பேட்டரியில் சார்ஜ் நிற்காமல் போனபோது நாங்கள் கண்டறிந்தவை: உறுப்பினர் அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஓசை மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை என்றவுடன், பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கிவிடுவது பரவலான பழக்கமாக இருக்கிறது. சார்ஜ் எங்கே போயிற்று என்று பார்க்காமல் மாற்றினால் புதிய பேட்டரிக்கும் அதே கதிதான் நேரும் என்பதை என் அக்காள் வீட்டுக் காரில் நேரில் கண்டதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அத்தான் வெள்ளிக்கிழமை மாலை காரை நிறுத்தினால் திங்கட்கிழமை காலையில் அது கிளம்பாது. பேட்டரியோ மாற்றி ஓராண்டுகூட ஆகாதது. கடைக்காரர் இன்னொரு பேட்டரிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்த நிலையில், நான் மல்டிமீட்டரை எடுத்துச் சென்றேன். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைத்துவிட்டு, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பு மிகவும் அவசியம். ஏனெனில் இன்றைய கார்களின் கணினிகள் பூட்டியவுடன் உறங்குவதில்லை, அடங்குவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. எல்லாம் அடங்கிய பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய கசிவு, அதாவது நிறுத்திய கார் பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்சாரம், அந்தக் காரில் 0.38 ஆம்பியரில் அசையாமல் நின்றது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தபோது, மியூசிக் சிஸ்டத்துக்குரியதை எடுத்ததும் மீட்டர் 0.03க்கு இறங்கியது. பின்னாளில் பொருத்திய ஆம்ப்ளிஃபயரின் கட்டுப்பாட்டு ஒயரை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பில் கொடுக்காமல், எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரில் இணைத்திருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 0.38 ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர்-மணி; சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதியை இரண்டே நாளில் குடித்துவிடும். ஒயரை மாற்றிக் கொடுத்த பிறகு அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது. டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி போன்றவற்றை வெளிக்கடையில் பொருத்தியவர்கள் முதலில் அவற்றையே சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

மதுரை நண்பர் சொன்ன கசிவு எதுவுமே இல்லாத ஒரு காரில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் தந்தையார் தினமும் காரை எடுப்பவர். ஆனால் காய்கறிக் கடை, கோயில், மீண்டும் வீடு என்று எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். "தினமும் ஓட்டுகிறேனே, எப்படி இறங்கும்?" என்பது அவருடைய நியாயமான கேள்வி. காலையில் காரை எடுக்கும் முன் அளந்தபோது பேட்டரி 12.2 வோல்ட் மட்டுமே காட்டியது. ஓய்வில் இருக்கும் பேட்டரியில் 12.6 அல்லது 12.7 இருந்தால்தான் அது முழுச் சார்ஜ், 12.2 என்பது ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் நம்ப முடியாது.

கார்களில் வழக்கமாக இருக்கும் ஈய-அமில பேட்டரி தொடக்கத்தில் வேகமாகச் சார்ஜ் ஏற்றுக்கொண்டாலும், கடைசிப் பகுதியை மிக மெதுவாகவே ஏற்கும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். பத்து நிமிடப் பயணத்தில், அதுவும் ஏ.சி., விளக்கு, விசிறி எல்லாம் ஓட, சிக்னலில் நின்று நின்று போகும்போது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிடம் பேட்டரிக்கென்று மிஞ்சுவது சொற்பம். இப்படி அரைகுறைச் சார்ஜிலேயே நாள்கள் கழியும்போது, தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட் மெல்ல இறுகிப் படிகமாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பகுதி உயிர்பெறுவதில்லை. எங்கள் வீட்டில் இப்போது வாரம் ஒருமுறை செங்கல்பட்டு வரை காரை ஓட்டிவிட்டு வருகிறோம். அவ்வப்போது இரவு முழுவதும் வீட்டுச் சார்ஜரில் போட்டும் வைக்கிறோம். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது பெட்ரோலைத்தான் தீர்க்கும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பம் ஏற ஏறப் பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும் வேகமும், அதிலுள்ள நீர் ஆவியாகும் வேகமும் கூடுகின்றன. சித்திரை, வைகாசியில் கெட்டுப்போன பேட்டரி, மார்கழிக் குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு அதிக இழுவை தேவைப்படும்போதுதான் தன் பலவீனத்தைக் காட்டுகிறது. ஊட்டிக்குப் போன இடத்தில் கார் நின்றுவிட்டது என்பவர்களில் பலருடைய பேட்டரி சமவெளிக் கோடையிலேயே தளர்ந்திருக்கும். மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் கோடையில் மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டரை மட்டும் குறி வரை ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ கூடவே கூடாது.

திருநெல்வேலியிலிருந்து, ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர்:

இருவரும் சொன்னது சரி. பட்டறைக்கு வரும் வண்டிகளில் இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கிறேன்: பேட்டரி நன்றாக இருக்கும், கேபிள் மாட்டும் முனையான டெர்மினல்தான் பூத்துப்போயிருக்கும். அண்மையில் ஒரு வாடகைக் கார் வந்தது. பாசிட்டிவ் கிளிப்பின் அடியில் நீலமும் வெள்ளையுமாகத் தூள் திரண்டு, கையால் அசைத்தாலே கிளிப் ஆடியது. பேட்டரி முனையில் 12.6 வோல்ட் இருந்தும், செல்ஃப் அடிக்கும்போது கேபிளுக்கு அது போய்ச்சேரவில்லை. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். ஒரே அடியில் கிளம்பியது. கழற்றும்போது நெகட்டிவை முதலிலும் மாட்டும்போது அதைக் கடைசியிலும் செய்யுங்கள். இல்லையேல் ஸ்பானர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பொறி விளையாட்டல்ல.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தால் பெல்ட்டோ ஆல்டர்னேட்டரோ தகராறு. 15ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்து நீர் வற்றும். சிக்னலில் தானாக அணையும் கார்களுக்கு அடிக்கடி அணைந்து கிளம்புவதைத் தாங்குவதற்கென்றே வரும் ஏ.ஜி.எம். அல்லது ஈ.எஃப்.பி. என்ற பேட்டரி வகையையே போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும்.

துபாயிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஊரில் காரை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு வருபவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். கசிவே இல்லாத காரும் கடிகாரம், பூட்டு, அலாரம் ஆகியவற்றுக்காகச் சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். 2020 ஊரடங்கில் பலருடைய கார்கள் படுத்துப்போனதற்கும் இதுவே காரணம். புறப்படும் முன் முழுச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு வருகிறேன். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் மியூசிக் சிஸ்டம் கேட்கும் ரகசிய எண் இருந்தால் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும், ரிமோட் வேலை செய்யாது என்பதால் கதவைத் திறக்கும் சாவியும் கையில் இருக்க வேண்டும். என் சித்தப்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கிறார், 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜரை மாட்டிவிடுகிறார்.