அப்டேட்: அந்த யெல்லோ கிட் பட்டன் ஒரிஜினலா?

போன வாரம் ஒரு பழைய சாமான் சந்தையில 40 டாலருக்கு வாங்கின யெல்லோ கிட் பட்டன் (பழைய அமெரிக்க கார்ட்டூன் பையன் படம் போட்ட, சட்டையில குத்திக்கிற தகர பேட்ஜ்) ஒரிஜினலா டூப்ளிகேட்டானு கேட்டிருந்தேன்ல, பாதிப் பேர் டூப்ளிகேட்னே முடிவு பண்ணிட்டீங்க. நேத்து லென்ஸ் வெச்சு நல்லா பாத்தேன்.

முதல்ல மேல்பக்கம். பெயின்ட் நேரா தகரத்துல இல்ல, படம் அச்சடிச்ச பேப்பர், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி செல்லுலாய்டு, விளிம்புல லைட்டா மஞ்சள் ஏறியிருக்கு. திருப்பினா உள்ள ஒட்டின பேப்பர்ல ஹை அட்மிரல் சிகரெட் விளம்பரம், அமெரிக்காவுல நியூவார்க்ல இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக்ங்கற பட்டன் கம்பெனி பேரு. அவங்க பட்டன் பேடன்ட்டே 1896 ஜூலை தான், கார்ட்டூனிஸ்ட் அவுட்கால்ட் வரைஞ்ச அந்த மொட்டைத்தலைப் பையன் யெல்லோ கிட் நியூயார்க் பேப்பர்கள்ல கொடிகட்டிப் பறந்ததும் அதே வருஷம். சின்னப் பையன் மூஞ்சிய போட்டு சிகரெட் வித்திருக்காங்க, அத நெனச்சா தான் சிரிப்பு வருது.

ஸோ இதெல்லாம் அந்தக் காலத்தோட ஒத்துப்போறதால, ஒரிஜினல் தான்னு நான் நம்புறேன்.

ஆனா ஒரு சோகம். வந்த அன்னைக்கே ஈரத்துணியால தொடச்சேன், புத்தி கெட்டுப்போய். தண்ணி ஓரமா உள்ள இறங்கி படத்துல பையனோட காது பக்கத்துல மிளகு சைஸுக்கு பழுப்பு கறை வந்துடுச்சு, இனி அது போகாது. ஈரம் படக் கூடாதுனு இங்க எச்சரிக்கை பண்ணின அண்ணன் மெசேஜ மறுநாள் தான் பாத்தேன். விக்கப் போறதில்ல, அதனால பரவால்ல. இப்ப காஞ்ச டப்பால இருக்கு.