10,000 ரூபாய்க்குள் பாத்ரூமைத் தேற்றியவர்கள்

தாம்பரம் பக்கம், வாடகை வீடு:

எங்கள் ஏரியாவில் போர் தண்ணீர்தான். அதுவும் வாயில் வைக்க முடியாத உப்பு. குடி வந்தபோது பாத்ரூம் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளை ஏறியிருந்தது. டைல்ஸ் நீலமா சாம்பலா என்றே தெரியவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. ஹவுஸ் ஓனரிடம் சொன்னோம். "உங்க செலவுல என்ன வேணா பண்ணிக்கோங்க, ஆனா காலி பண்ணும்போது எதையும் கழட்டக் கூடாது" என்றார். ஆக, போடுகிற காசெல்லாம் அவர் வீட்டுக்குத்தான். என் வீட்டுக்காரர் 10,000க்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஹார்டுவேர் கடையில் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் எடுத்து நீட்டியது ஆசிட் பாட்டில். ஆசிட் உப்பைக் கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் சேர்த்தே கரைக்கும், குழாயின் குரோம் பூச்சையும் கெடுக்கும். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஊற்றித் தேய்த்த லட்சணம் இடுக்கைப் பார்த்தாலே தெரிந்தது. சில இடங்களில் சிமெண்டே இல்லை, பள்ளம்தான். அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கித்தான் பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் ரூம் சுவரில் பெயிண்ட் உப்பியிருக்கிறது.

நான் வாங்கியது சிட்ரிக் ஆசிட் பொடி. பெரிய மளிகைக் கடைகளில் லெமன் சால்ட் என்று கேட்டாலே தருவார்கள். அதை வெந்நீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியை முக்கிச் சுவரில் அப்பிவிட்டேன். சுவரில் வெறுமனே தெளித்தால் வழிந்து ஓடிவிடும், துணி இருந்தால்தான் ஊறும். அரை மணி நேரம் கழித்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்ததும் உப்பு பாளம் பாளமாக வந்தது. ரொம்ப நாள் படிந்த இடங்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. இதுவும் அமிலம்தான், கொஞ்சம் சாது, அவ்வளவே. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். மார்பிள் போட்ட பாத்ரூமில் இந்தப் பக்கமே போகாதீர்கள், பாலிஷ் போய்விடும். இன்னொன்று, எந்த ஆசிடாக இருந்தாலும் அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அந்தச் சின்ன அறையில் நின்று மூச்சுவிட முடியாது.

ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலையை அதில் மூழ்கவிட்டு, ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. மோட்டாரில்தான் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். குழாய் மூக்கில் திருகியிருக்கும் சின்ன வலையைக் கழற்றினால் உள்ளே ஒரே மணலும் உப்பும். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினோம், டெஃப்லான் டேப் சுற்றினோம். டீ குடிக்கிற செலவுதான்.

அப்புறம் இடுக்கு வேலை. கொத்தனார் வெள்ளை சிமெண்ட் போதும் என்றார். வெள்ளை சிமெண்ட் நாளாக நாளாக வெடிக்கும், எங்கள் தண்ணீருக்கு மஞ்சளும் ஏறும். அதனால் இடுக்கை அடைப்பதற்கென்றே வரும் கிரவுட் பாக்கெட்டை இளஞ்சாம்பல் நிறத்தில் வாங்கிக் கொடுத்தேன். ஷவருக்குக் கீழே தரைக்கு மட்டும் எபாக்ஸி என்ற பிசின் வகை கிரவுட். விலை பல மடங்கு, ஆனால் தண்ணீரைக் குடிக்காது. கலந்ததும் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லி நான் பக்கத்திலேயே நின்றேன். அவருக்கு என்மேல் கோபம், பரவாயில்லை.

டைல்ஸ் மாற்றவே இல்லை. ஆனால் பார்க்கிறவர்கள் புது டைல்ஸா என்று கேட்கிறார்கள். கூலியும் சேர்த்துப் பாதிப் பணம்தான் ஆனது. மீதியில் அடியில் உளுத்துப்போன கதவை எடுத்துவிட்டு பி.வி.சி. கதவு போட்டோம்.

கோயம்புத்தூர்:

அக்கா, எங்களுக்குச் சிறுவாணித் தண்ணிங்க, உப்புத் தொல்லை இல்லை. ஆனால் கூரை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. வருசா வருசம் பெயிண்டர் வந்து சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்பார், அடுத்த மழைக்கு மறுபடியும் வந்துவிடும். பூஞ்சை வராத பெயிண்ட் என்று விலை கூடின டப்பாவையும் அடித்துப் பார்த்தாயிற்று. ஈரம் வெளியே போக வழியில்லாத அறையில் எந்தப் பெயிண்ட் நிற்கும்?

கடைசியில் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் வழி சொன்னார். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளில் மேலே இரண்டை உருவிவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் ஷீட் வைத்து 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினார். சுவரை உடைக்கவே இல்லை. அதோடு கதவின் அடியில் ஒரு விரல் அளவு சந்து விடச் சொன்னார். நாங்கள் அங்கே ரப்பர் பட்டை ஒட்டி அடைத்து வைத்திருந்தோம். உள்ளே காற்று வர வழி இல்லையென்றால் ஃபேன் சும்மா சத்தம் போடும், அவ்வளவுதான். குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓடவிடுகிறோம். அதன் பிறகு ஒருமுறை பெயிண்ட் அடித்ததோடு சரிங்க.

மதுரை, கொத்தனார் வேலை:

தாம்பரம் சகோதரி செய்தது சரியான வேலை. என்னைக் கூப்பிடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாமா?" என்றுதான். ஒட்டலாம், அதற்கென்று அட்ஹெசிவ் வருகிறது, உடைக்கிற கூலியும் குப்பை அள்ளுகிற கூலியும் மிச்சம். ஆனால் அதற்கு முன்னால் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாருங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று தெரியும். வாட்டம் சரியில்லாத தரைக்கு மேல் எவ்வளவு அழகான டைல்ஸ் ஒட்டினாலும் தண்ணீர் அதே மூலையில்தான் நிற்கும்.

போன வருடம் ஒரு வீட்டுக்குப் போனேன். வேறு ஆள் ஒட்டிவிட்டுப் போன வேலை. பார்க்க ஓட்டல் பாத்ரூம் மாதிரி இருந்தது. ஆனால் குளித்த தண்ணீர் வாசல்படி தாண்டி ஹாலுக்கு வந்தது. மேலே ஒட்டினால் தரை அரை அங்குலம் ஏறும் என்பதை அந்த ஆள் கணக்கில் எடுக்கவில்லை. கதவின் அடி தேய்ந்தது, தண்ணீர் போகிற ஜாலி பள்ளத்தில் போய்விட்டது. முழுவதையும் உடைத்து, ரசமட்டம் வைத்து வாட்டம் எடுத்துத் திரும்பப் போட்டோம். பாவம், மலிவாக முடிக்க நினைத்தவர்கள் இரண்டு செலவு செய்தார்கள்.

சின்ன பாத்ரூம் என்றால் கடைகளில் மிச்சப் பெட்டிகளைக் கேளுங்கள். பெரிய வேலைக்கு எடுத்துத் திரும்பி வந்தது, ஓட்டம் நின்றுபோன டிசைன் என்று ஐந்தாறு பெட்டி மூலையில் கிடக்கும், அடித்துப் பேசலாம். ஆனால் பெட்டியின்மேல் இருக்கும் ஷேட் நம்பரும் பேட்ச் நம்பரும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். குஜராத்தில் டைல்ஸ் தயாராகும் மோர்பியிலிருந்து ஒரே கம்பெனி சரக்காக வந்தாலும் பேட்ச் மாறினால் நிறம் லேசாக மாறும். கடை வெளிச்சத்தில் தெரியாது, சுவரில் ஒட்டின பிறகு பளிச்சென்று தெரியும். இரண்டு மூன்று டைல்ஸ் கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். நாளைக்குப் பைப் உடைந்தால் அந்த டிசைன் கிடைக்காது.

திருச்சி:

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் செலவு பெரும்பாலும் கைப்பிடிக்குத்தான் போனது. கமோடு பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, இரண்டும் ஸ்டீல். சுவரில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் வகையை ஆன்லைனில் பார்த்துவிட்டுத் தம்பி ஆர்டர் போடப் போனான். எங்கள் டைல்ஸ் சொரசொரப்பு, அதில் அது பிடிக்காது. பிடித்தாலும் ஒருநாள் சொல்லாமல் விடும். வயதானவர் முழு எடையையும் போடும் பொருளை நம்பி வைக்க முடியுமா?

பொருத்த வந்த பிளம்பர் துளை போடும் முன் டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்த இடத்தை விட்டுவிட்டார், அங்கே பின்னால் சாந்து இல்லையாம். குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடவே மாட்டேன் என்றார், உள்ளே பைப் போகும். நல்ல ஆள். தரைக்குப் புது டைல்ஸ் போடவில்லை. பாசி பிடித்த இடத்தைத் தேய்த்துவிட்டு, ஓட்டைகள் உள்ள ரப்பர் மேட் போட்டிருக்கிறோம். அதை வாரம் ஒருமுறை தூக்கிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் வழுவழு என்றாகிவிடும்.

மதுரை அண்ணா, அந்த எபாக்ஸியைப் பழைய கிரவுட்டுக்கு மேலேயே பூசலாமா?

மதுரை, கொத்தனார் வேலை:

மேலே பூசினால் உரிந்து வந்துவிடும் அம்மா. பழையதைக் குறைந்தது பாதி ஆழத்துக்காவது சுரண்டி, நன்றாகக் காயவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு நாள் அந்தப் பாத்ரூமைப் பூட்டி வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.