55 இறாத்தல் ட்றோலிங் மோட்டரிலிருந்து 24 வோல்ட் மோட்டருக்கு மாறலாமா, பற்றரியை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி:

வணக்கம். ஒன்ராறியோவில் கவார்த்தா ஏரிகளிலும் சிம்கோ ஏரியிலும் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுவது என் வழக்கம். என்னிடமுள்ளது 17 அடி அலுமினியப் படகு. அதன் அணியத்தில் (முன்முனையில்) 12 வோல்ட்டில் இயங்கும் 55 இறாத்தல் உந்துவிசை கொண்ட, காலால் இயக்கும் ட்றோலிங் மோட்டர் (படகை மெல்ல நகர்த்தவும் ஓரிடத்தில் பிடித்து வைக்கவும் உதவும் சிறிய மின்மோட்டர்) பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கு 100 அம்பியர் மணி கொள்ளளவுள்ள ஈய அமிலப் பற்றரி ஒன்று மட்டுமே உண்டு. ஒடுங்கிய ஏரிகளில் இது போதுமாயினும், சிம்கோவின் தென்முனையிலுள்ள குக்ஸ் வளைகுடாவில் வடக்குக் காற்று எழும்பிவிட்டால் படகை ஓரிடத்தில் பிடித்து வைக்க முடிவதில்லை. நண்பகலுக்குள் பற்றரியும் தளர்ந்துவிடுகிறது. ஜிபிஎஸ் நங்கூர வசதியுள்ள (ஜிபிஎஸ் மூலம் படகைத் தானாகவே ஓரிடத்தில் பிடித்து வைக்கும்) 24 வோல்ட், 80 இறாத்தல் மோட்டருக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். லிதியம் பற்றரிக்குக் கொடுக்கும் விலை தகுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:

மோட்டரைக் குறை சொல்வதற்கு முன் பற்றரியைப் பாருங்கள். ஆட்களும் எரிபொருளும் ஏறிய படகின் ஒவ்வொரு 100 இறாத்தல் எடைக்கும் குறைந்தது 2 இறாத்தல் உந்துவிசை வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் படகு ஏறத்தாழ 2,000 இறாத்தல் வரும் என்று வைத்தால் 40 போதும். உங்களிடம் 55 இருக்கிறது. ஆனால் அந்த மோட்டர் முழு வேகத்தில் சுமார் 50 அம்பியர் இழுக்கும். ஈயப் பற்றரியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 100 அம்பியர் மணி என்பது 20 மணி நேரம் 5 அம்பியர் வீதம் மெல்ல எடுக்கும்போது கிடைப்பது. 50 அம்பியர் வீதம் உறிஞ்சினால் அதில் கணிசமான பகுதி கைக்கு வராது, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுளும் குறையும். போதாக்குறைக்கு, மின் தீரத் தீர வோல்ட்டும் விழுவதால், காலையில் 55 இறாத்தல் தள்ளிய மோட்டர் மதியத்தில் அதைத் தள்ளாது. லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி ஏறக்குறைய வெறுமையாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஆகவே இப்போதைக்கு அத்தகைய 100 அம்பியர் மணி பற்றரி ஒன்றை வாங்கி, இதே மோட்டரை ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள்.

மறுமொழி 2:

மேலே சொன்ன பற்றரிக் கணக்கு சரி, முடிவோடு மட்டும் நான் உடன்படவில்லை. 100 இறாத்தலுக்கு 2 என்பது அமைதியான நீருக்கான அளவு. திறந்த ஏரியில் காற்றை எதிர்த்து நிற்க அது உதவாது. 80 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் 56 அம்பியர்தான் இழுக்கும், ஆனால் 24 வோல்ட்டில் என்பதால் சுமார் 1,340 வாற் வலு கிடைக்கிறது. உங்களுடையது 600 வாற். அதே வேகத்தில் படகைத் தள்ள 24 வோல்ட் மோட்டருக்கு ஏறத்தாழ அரைவாசி அம்பியர் போதும்.

24 வோல்ட் பெற இரண்டு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடராக (ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையுடன்) இணைக்க வேண்டும். இன்று ஒரு லிதியம் பற்றரி வாங்கி, ஒரு பருவம் கழித்து இன்னொன்றை அப்படி இணைப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. தொடராக இணைக்கும் இரண்டும் ஒரே நிறுவனத்தின், ஒரே கொள்ளளவுள்ள, ஒரே வயதுடையவையாக இருப்பதே நல்லது. 24 வோல்ட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே வாங்குங்கள். எடையைப் பற்றிக் கவலை வேண்டாம்: ஒவ்வொன்றும் 11 முதல் 13 கிலோதான், ஆகையால் இரண்டும் சேர்ந்தாலும் 30 கிலோ வரும் பெரிய ஈயப் பற்றரி ஒன்றைவிட இலேசு.

மோட்டர் தண்டின் நீளத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அலையில் அணியம் எழும்போது விசிறி நீருக்கு வெளியே வந்து இரைந்தால், 80 இறாத்தலாலும் பயனில்லை.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. 24 வோல்ட்டுக்கே மனம் சாய்கிறது. பழைய வயரையும், இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யும் பற்றரியையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 3:

ஸ்டார்ட் பற்றரி ஈய அமிலமாகவே, தனியாகவே இருக்கட்டும். இயந்திரம் ஓடி மின்னூட்டிக்கொண்டிருக்கும்போது லிதியம் பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால், எழும் வோல்ட் அதிர்ச்சி படகிலுள்ள மின்னணுக் கருவிகளைக் கெடுக்கக்கூடும். மீன் காட்டும் கருவிக்கு ஸ்டார்ட் பற்றரியிலிருந்தோ, சிறிய தனிப் பற்றரி ஒன்றிலிருந்தோ மின் எடுங்கள். 24 வோல்ட் இணையில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவினால் இரண்டின் மின்னளவும் சமன் குலையும்.

வயர் 6 கேஜ் என்ற தடிப்பளவைவிட மெல்லியதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். மின் மிகையாகப் பாய்ந்தால் துண்டிக்கும் 60 அம்பியர் பிரேக்கரைப் பற்றரிக்கு இயன்றவரை அருகில் பொருத்துங்கள். வாங்கும் முன் அந்த லிதியம் பற்றரியைத் தொடராக இணைக்க அனுமதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள், எல்லாவற்றுக்கும் இல்லை. முதன்முறை இணைக்குமுன் இரண்டையும் தனித்தனியே நிரப்புங்கள். பின்னர் ஒவ்வொரு பற்றரிக்கும் தனி இணைப்புள்ள, லிதியத்துக்கென அமைந்த சார்ஜரைப் பயன்படுத்துங்கள். நம் ஊர்க் குளிரில் முக்கியமானது, லிதியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதுதான். சூடேற்றும் வசதி இல்லாதவற்றை ஏப்ரல் மாதத்து உறைபனிக் காலையில் படகில் வைத்தே சார்ஜ் செய்யாமல், முதல்நாள் இரவே வீட்டுக்குள் எடுத்துவந்து சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.