ஃபியூச்சராமாவின் பூனை அத்தியாயம்: ஏமியின் கதை பூனைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறதா?

கேள்வி: கதிரொளி

ஃபியூச்சராமா என்ற அமெரிக்க அசைவூட்ட நகைச்சுவைத் தொடரின் ஆறாம் பருவத்தில், 2010 ஆகஸ்ட் 5 அன்று காமெடி சென்ட்ரல் அலைவரிசையில் முதன்முதலாக ஒளிபரப்பான ‘தட் டார்ன் கேட்ஸ்’ அத்தியாயத்தைப் பற்றி மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். கதையின் முடிவையும் சேர்த்தே எழுதுகிறேன் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

பூமியின் சுழற்சியிலிருந்து ஆற்றலை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஏமி வாங் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்மொழிகிறாள். செவ்வாய்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் காட்ஸ் அதை நிராகரிக்கிறார். அவர் வெறும் பொம்மை என்பதும், அவரை ஆட்டுவிப்பது அவரோடு இருக்கும் பூனைதான் என்பதும் பிறகு தெரியவருகிறது. துபான் 9 என்ற கோளிலிருந்து பண்டைய எகிப்துக்கு வந்து சேர்ந்த பூனை இனம், பெரிய பிரமிடை அலைபரப்பியாகக் கொண்டு, ஏமியின் கோட்பாட்டின் வழியாகவே பூமியின் சுழற்சியைத் தன் கோளுக்குக் கடத்துகிறது. நின்றுபோன பூமியை ஏமி மீண்டும் சுழலச் செய்கிறாள், ஆனால் எதிர்த்திசையில்.

1999-இல் தொடர் தொடங்கியதிலிருந்து பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த்திடம் பயிற்சி மாணவியாகவே இருந்த ஒரு பாத்திரம், பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு முனைவராகும் கதை இது. தொடரின் போக்கில் இது பெரிய நிகழ்வு. ஆயினும் இந்த அத்தியாயத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் பூனைகளே நினைவுக்கு வருகின்றன. ஏமி பட்டம் பெற்றது இதில்தான் என்பது பலருக்கு நினைவில்லை. ஏமிக்கு உரிய இடத்தை இந்தக் கதை தந்திருக்கிறதா? எதிர்த்திசையில் சுழலவைக்கும் முடிவை நேர்மையான தீர்வாக ஏற்க முடிகிறதா, அல்லது எழுதியவர்கள் எளிதாகத் தப்பித்துக்கொண்டார்களா? இவ்விரண்டையும் பற்றித்தான் கேட்கிறேன்.

மறுமொழி: இயல்நோக்கர்

இயற்பியல் படித்தவன் என்ற முறையில் இரண்டாம் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பலர் எண்ணுவதைவிட இந்தக் கதையின் இயற்பியல் மிகவும் கவனமானது என்பது என் கருத்து.

பூமியின் சுழற்சியில் அடங்கியுள்ள ஆற்றல், 2 என்ற எண்ணை அடுத்து 29 சுழியங்களை இட்டால் வரும் அளவு ஜூல். மனித இனம் இன்று ஓராண்டில் பயன்படுத்தும் மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு அது. அதிலிருந்து எடுப்பதும் வெறும் கற்பனையன்று. நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஓதங்கள் பூமியின் சுழற்சியை இடைவிடாமல் தேய்த்துக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒரு நாளின் நீளம் நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2 மில்லி வினாடி வீதம் கூடுகிறது. நிலவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 1966 முதல் இயங்கிவரும் 240 மெகாவாட் ஓத மின்நிலையம் எடுக்கும் ஆற்றலின் பெரும்பகுதியும், மூலம் தேடிப் போனால், பூமியின் சுழற்சியிலிருந்து வருவதே. ஏமியின் ஆய்வை மிகச் சிறிய அளவில் நாம் ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியிருக்கிறோம் என்று இதைச் சொல்லலாம்.

சிக்கல் கோண உந்தத்தில்தான், அதாவது சுழலும் பொருள் தன் சுழற்சியால் கொண்டிருக்கும் உந்தத்தில்தான், இருக்கிறது. சுழற்சி ஆற்றலை மின்சாரமாகவோ வெப்பமாகவோ மாற்றிவிடலாம். கோண உந்தத்தை அப்படி வேறொன்றாக மாற்ற முடியாது, வேறொரு பொருளிடம் ஒப்படைக்க மட்டுமே முடியும். ஓதங்களில் நிலவு அதைப் பெற்றுக்கொள்கிறது. ஏமியின் திட்டத்தை வெறும் மின் உற்பத்தித் திட்டமாக மட்டும் பார்த்தால் பெற்றுக்கொள்ள யாரும் இல்லை. பூனைகளின் திட்டத்திலோ ஒரு கோள் நிற்கிறது, இன்னொரு கோள் சுழலத் தொடங்குகிறது. ஆகவே கதையின் தீயவர்கள்தாம் கணக்கைச் சரியாக முடிக்கிறார்கள். இதை எழுதியவர்கள் தெரிந்தே செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முடிவைப் பொறுத்தவரை எனக்குப் பாதி நிறைவுதான். பூமியிடமிருந்து கோண உந்தத்தை மேலும் மேலும் எடுத்துக்கொண்டே போனால் அது நின்று, பிறகு எதிர்த்திசையில் சுழலும். இது கோட்பாட்டளவில் சரியே. ஆனால் நிற்கும் வரையில் பூமி ஆற்றலைத் தருகிறது. நின்றதற்குப் பிறகு எதிர்த்திசையில் அதே வேகத்தை எட்ட, அதே அளவு ஆற்றலை அதற்கு நாம் தரவேண்டும். அந்த இரண்டாம் பங்கு எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரே ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால்கூட நான் மகிழ்ந்திருப்பேன்.

மறுமொழி: தொல்வரைவு

துபான் என்ற பெயரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனெனில் அது தற்செயலாக இட்ட பெயர் போலத் தோன்றவில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெதுவாக வட்டமிடுவதால் துருவ விண்மீன் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பிரமிடுகள் எழுந்த காலத்தில் வானத்தின் வட துருவத்துக்கு மிக அருகில் இருந்தது, டிராகோ விண்மீன் குழுவைச் சேர்ந்த துபான்தான். கூஃபு மன்னருக்காகக் கிறித்துவுக்கு முன் 2560-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட பெரிய பிரமிடில், மன்னரின் அறையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் குறுகிய துளைவழி துபானைக் குறிவைத்தே அமைக்கப்பட்டது என்ற கருத்து 1964-இல் முன்வைக்கப்பட்டது. அந்தக் கருத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. எனினும், பிரமிடு ஓர் அலைபரப்பி, அது நோக்கும் திசை துபான் என்ற கற்பனையை இந்தப் பின்னணியோடு பார்க்கும்போது அதன் சுவை பன்மடங்காகிறது.

வரலாற்றில் அவர்கள் எடுத்துக்கொண்ட உரிமையையும் குறிப்பிட வேண்டும். பண்டைய எகிப்தியரின் பாஸ்தெத் தெய்வம் தொடக்கத்தில் பெண் சிங்க வடிவத்தில்தான் வழிபடப்பட்டது. புபாஸ்திஸ் நகரை மையமாகக் கொண்டு பூனை வழிபாடு பெருகியதும், பூனைகளைப் பதப்படுத்திப் புதைக்கும் வழக்கம் பரவியதும் பெரிய பிரமிடு கட்டப்பட்டு இரண்டாயிரம் ஆண்டுகள் ஆனபோது நடந்தவை. நகைச்சுவைத் தொடர் இவ்வளவு காலத்தை ஒரே காட்சிக்குள் சுருக்குவதை நான் குறையாகக் கருதவில்லை.

மறுமொழி: வெள்ளிவிழி

முதல் கேள்விக்கு என் விடை, இல்லை என்பதே. இதற்கு முந்தைய வாரம், ஜூலை 29 அன்று வெளியானது ‘தி லேட் ஃபிலிப் ஜே. ஃப்ரை’, அது 2011-இல் எம்மி விருது பெற்றது. இதற்கு இரண்டு வாரங்களுக்குப் பின் வந்தது ‘தி பிரிசனர் ஆஃப் பெண்டா’. அதன் கதைச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே தொடரின் எழுத்தாளர் கென் கீலர் ஒரு கணிதத் தேற்றத்தை நிறுவினார். அவ்விரண்டிலும் அறிவியல் கருத்தும் பாத்திரங்களின் ஆசைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. காலத்தில் முன்னோக்கி மட்டுமே செல்லும் பொறி, தொடரின் நாயகி லீலாவோடு உணவருந்தும் சந்திப்பைத் தவறவிட்ட நாயகன் ஃப்ரையின் ஏக்கத்தைப் பெரிதாக்குகிறது. பூனை அத்தியாயத்திலோ ஃப்ரையும் லீலாவும் ரோபோவான பெண்டரும் மயக்கத்தில் ஆழ்ந்து, தமக்கென விருப்பமற்ற ஏவலர்களாகிவிடுகிறார்கள். பூனையின் அழகில் எல்லோரும் மயங்குகிறார்கள் என்ற ஒரே நகைச்சுவை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குச் செலவான நேரத்தில் ஏமி ஏன் இத்தனை ஆண்டுகள் பட்டத்தைத் தள்ளிப்போட்டாள் என்பதையும், நிராகரிப்பு அவளை எவ்வளவு காயப்படுத்தியது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

மறுமொழி: மென்பாதம்

வெள்ளிவிழி அவர்களின் ஒப்பீட்டை மதிக்கிறேன், ஆனால் உடன்பட இயலவில்லை. மற்ற அனைவரும் மயங்கிவிட்டதால்தான் ஏமியும் லீலாவின் செல்லப்பிராணி நிப்ளரும் தனியே நிற்க வேண்டியிருக்கிறது. வேறெந்த அத்தியாயத்திலும் பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த்தே வந்து சூத்திரத்தைச் சொல்லியிருப்பார்; இங்கே சொல்ல அவர் தெளிவான நிலையில் இல்லை. பூமியை மீட்டது ஏமியின் ஆய்வு, அதைச் செயற்படுத்தியதும் ஏமியே. மனவேதனையை வசனமாகப் பேசாமல், தன் கோட்பாடு சரியென்று செய்து காட்டி அவள் பட்டம் பெறுகிறாள். ஏமிக்கு இதைவிடப் பெருமையான காட்சியை இத்தொடர் தந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

பூனையின் மயக்குத் திறனும் காரணமின்றி வந்ததன்று. பெரிய கண்களும் உருண்ட முகமும் குழந்தையை நினைவூட்டிப் பராமரிக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார். உணவு கேட்கும் பூனையின் மெல்லிய ‘பர்ர்’ ஒலிக்குள் குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த ஒலி கலந்திருப்பதாக, சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல், இந்த அத்தியாயம் வெளியாவதற்கு முந்தைய ஆண்டில், எடுத்துக்காட்டினார்கள். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று அழைத்துக்கொள்வது அரிது. அந்தக் குரல் பெரும்பாலும் மனிதருக்காகவே. இந்த உண்மைகளை ஒரு படி மிகைப்படுத்தினால் துபான் பூனைகள் கிடைத்துவிடுகின்றன.

மறுமொழி: கதிரொளி

எல்லோருக்கும் நன்றி. ஏமி தனித்து விடப்பட்டதே அவளுக்குக் கிடைத்த வாய்ப்பு என்ற பார்வை எனக்குப் புதியது; அந்த வகையில் நான் மென்பாதம் அவர்களின் பக்கம் சாய்கிறேன். இயல்நோக்கர் அவர்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும். எதிர்த்திசையில் சுழலும் பூமியில், கதிரவன் மேற்கில் உதிப்பதைத் தவிர வேறெதுவும் மாறாதா?

மறுமொழி: இயல்நோக்கர்

நிறைய மாறும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, இதே கேள்வியைக் கணினி மாதிரியில் இட்டு 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. காற்றழுத்தப் பட்டைகளுக்கு இடையே வீசும் காற்றுகள் திசை மாறுகின்றன. கடல் நீரோட்டங்களும் அவற்றோடு மாறுகின்றன. மேற்கு ஐரோப்பாவின் குளிர்காலம் கடுமையாகிறது. பாலைநிலம் அமெரிக்கக் கண்டங்களுக்கு, குறிப்பாகப் பிரேசிலுக்கும் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிக்கும், இடம் பெயர்கிறது. சகாராவோ மழை பெற்றுப் பசுமையாகிறது. எனவே அத்தியாயத்தின் முடிவுக்குப் பின், கடலும் காற்றும் புதிய நிலைக்கு வந்து சேர்ந்ததும், பூனைகள் பயன்படுத்திய பிரமிடுக்கு மேற்கே மணலுக்குப் பதிலாகப் புல்வெளி விரிந்திருக்க வேண்டும். அந்தக் காட்சியைத் தொடரில் வரைந்திருந்தால் மிகவும் விரும்பியிருப்பேன்.