கொற்கையில் தொடங்கினால் தூத்துக்குடி புரியும்

மதுரையில் கடல் பார்க்கப் போகலாம் என்று பேச்செடுத்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ராமேஸ்வரம்தான். தூத்துக்குடி என்றால் திருச்செந்தூர் போகிற வழியில் இறங்கி டீ குடிக்கிற ஊர், வரும்போது மக்ரூன் வாங்குகிற ஊர். இந்தத் தடவை அந்த ஊருக்காகவே காரை எடுத்துக்கொண்டு போனோம். நான், கணவர், மகன், மகள், அப்புறம் மாமனார். அவர் ஹார்விபட்டிக்காரர், மதுரை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நாலுவழிச் சாலை. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டுக்குள் போய்விட்டுத்தான் நகர்ந்தோம். மகன் படிப்பது மதுரை சேதுபதி பள்ளியில். 1904ல் பாரதி அங்கே தமிழாசிரியராகச் சில மாதங்கள் இருந்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று படித்தான், கிளப்பவே முடியவில்லை.

தூத்துக்குடி போகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நேராக ஊருக்குள் போகாதீர்கள். திருச்செந்தூர் சாலையைப் பிடித்து, முக்காணியில் ஏரல் பக்கம் திரும்பி, முதலில் பாண்டியர்களின் பழைய துறைமுகமான கொற்கைக்குப் போங்கள். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. வாழைத் தோட்டம், வயல், சின்னக் கிராமம். "துறைமுகம்னு சொன்னீங்க, கடல் எங்கம்மா?" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வி பிள்ளைகளிடமிருந்து வர வேண்டும் என்பதற்காகவே அங்கே போகலாம்.

கடல் இப்போது பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயல் என்ற துறைமுகத்துக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்திறங்கிப் புகழ்ந்தது இன்றைய பழையகாயல் பக்கம்தான். அங்கிருந்தும் கடல் ஒதுங்கியது. தூத்துக்குடி அதற்கெல்லாம் அப்புறம்தான் தலையெடுத்தது. இந்த வரிசையில் பார்த்தால் தூத்துக்குடி ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாக விளங்குகிறது.

கொற்கையில் ஒரு பழைய வன்னி மரம் உண்டு. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி, எந்த ஊர் என்று விசாரித்தார். மதுரை என்றதும், "ராசா ஊருக்காரவுகளா, எங்க முத்தெல்லாம் அங்கனதான வந்துச்சு" என்றார், நேற்று நடந்தது மாதிரி. வயலை உழும்போது சங்குத் துண்டும் பானை ஓடும் வருமாம். 1968-69ல் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோதும், 2021ல் மறுபடி தோண்டியபோதும் அவைதான் வந்தன. ஓடு கிடந்தால் எடுத்து வராதீர்கள், தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

அங்கே வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரத்தை மறுபடி சொன்னேன். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். வழக்கே அந்த வித்தியாசத்தில்தான் தீர்ந்தது. பாண்டியர் வீட்டு முத்து வேறு எங்கிருந்து வந்திருக்கும்? மதுரை எரிந்து, அரசனும் இறந்த பிறகு கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் வந்து பட்டம் ஏறினான். கதையை மதுரையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அங்கே சொல்லும்போது எனக்கே மேனி சிலிர்த்தது.

திரும்பும் வழியெல்லாம் உப்பளம். வாரிக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பெண்கள் உப்பைச் சுமந்துகொண்டு வரப்பில் வரிசையாக நடந்தார்கள். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுமாம். "மழை விழுந்துட்டா எங்களுக்குப் பொழப்பு இல்லம்மா" என்றார் ஒருவர். ஐப்பசி மழை தொடங்கினால் உப்புப் பாத்தி நீரில் மூழ்கிவிடும், அப்புறம் தை மாசியில்தான் மறுபடி ஆரம்பம்.

பிற்பகலில் ஊருக்குள் போனோம். பனிமய மாதா பேராலயம் கடலை ஒட்டி நிற்கிறது. மாதாவின் சொரூபம் 1555ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். இப்போதுள்ள ஆலயம் 1713ல் எழுந்தது. கடற்கரைப் பரதவர்கள் 1530களில் போர்த்துக்கீசியர் பக்கம் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றதற்கும் முத்துதான் காரணம், முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, யார் கையில் என்கிற சண்டையில் அவர்களுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. மாமனார் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மீனாட்சியம்மன் சந்நிதியில் நிற்பது போலவே கைகூப்பி நின்றார். யாரும் அவரை வேற்றாளாகப் பார்க்கவில்லை.

இந்தப் பயணத்தில் எனக்கு மறக்கவே முடியாதது திரேஸ்புரம். வடக்கே, மீனவர்களும் சங்கு குளிக்கிறவர்களும் இருக்கிற பகுதி. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கணவர் பேச்சுக் கொடுத்தார். அவர் சங்கு குளித்தவர். இப்போது பையன்கள் படகில் இருக்கிற கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள், அவர் தாத்தா காலத்து முத்துக்குளிப்பில் வெறும் மூச்சுதான். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்குவார்கள், அடியில் சிப்பியைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு, கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவார்கள். மேலே ஒருவர் தூக்குவார்.

"மேல கயிறு பிடிக்கிறது யாருன்னு நினைக்கிற?" என்று என் மகனைக் கேட்டார். அவன் அண்ணன் தம்பி என்றான். "இல்லய்யா, மச்சான். பொஞ்சாதி கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்ல, கண்ணசர மாட்டான்" என்றார். மாமனார் அதைக் கேட்டு ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மகள், ஒரு சிப்பிக்கு ஒரு முத்து இருக்குமா என்று கேட்டாள். பெரும்பாலும் காலிதான் என்றார். சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, பிறகு கழுவிக் கழுவித்தான் முத்தைத் தேடுவார்களாம். அந்த நாற்றத்தை அவர் வர்ணித்ததும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். 1961க்குப் பிறகு அரசு முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு, கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்து எடுத்தார்கள் என்கிறது. அந்த வேலை எத்தனை உயிர்ப்பயம் உள்ளது என்பது அந்தப் பெரியவரின் காதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு பக்கம் கேட்காது, நாம் மறுபக்கம் போய்த்தான் பேச வேண்டும். இன்றும் சங்கு எடுக்கிறார்கள், அது வங்காளத்துக்கு வளையல் செய்யப் போகிறது.

மறுநாள் காலை பழைய துறைமுகம் பக்கம் போனோம். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906ல் தொடங்கியது. 1907ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன, கொழும்புக்கு ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்தே அவர்களை நசுக்கியது. மதுரைக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர், 1901ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே பாண்டித்துரைத் தேவர். தமிழ்ச் சங்கம் சாலையில் தினமும் போய்வருகிற நமக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் கோரல் மில் என்கிற பஞ்சாலை. மாமனார்தான் அங்கே போகச் சொன்னார். அவர் வேலை பார்த்த மதுரை மில்லையும் இந்தக் கோரல் மில்லையும் நடத்தியது ஒரே ஹார்வி கம்பெனி. 1908 பிப்ரவரியில் இங்கே தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. அதே மார்ச்சில் இருவரையும் கைது செய்தார்கள். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தது அதற்குப் பிறகுதான். மில் சுவரைப் பார்த்தபடி மாமனார் பேரனிடம் சொன்னார்: "நான் ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தேன்ல, அதை மொதல்ல கேட்டது இந்த ஊர்க்காரங்கதான்டா."

மக்ரூனும் வாங்கினோம். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும், டப்பாவை உடனே மூடிவையுங்கள்.

உப்பு வாருவதைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் போங்கள், வெயில் அதற்கு மேல் பிள்ளைகளுக்குத் தாங்காது. மாதா திருவிழா ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்ட் 5ல் முடியும். தங்கத்தேர் எல்லா வருடமும் ஓடாது. அது ஓடிய வருடத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால், கூட்டம் எப்படி, குடும்பத்தோடு எங்கே நின்று பார்க்கலாம் என்று எழுதுங்கள். மாமனாரை அதற்குக் கூட்டிப்போக வேண்டும்.