பழைய பெரிய எஸ்யூவி: ஃபார்ச்சூனரா, எண்டவரா, இரண்டும் வேண்டாமா?

தேவகோட்டை வளவு எழுதியது:

சென்னையில் வேலை, தேவகோட்டையில் வீடு. படைப்பு (முன்னோர் வழிபாடு), சாந்தி (மணிவிழா), கல்யாணம் என்று ஏதாவது ஒன்றுக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அப்பச்சி, ஆத்தா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ஆக ஆறு பேர். இப்போதிருக்கும் சிறிய காரில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்து வந்தால் அப்பச்சியின் முழங்கால் மறுநாள்தான் மடங்குகிறது. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி, எண்ணெய், பலகாரத் தூக்கு என்று டிக்கி நிரம்பிவிடும். அடுத்த ஆண்டு வீட்டைப் பழுதுபார்க்கப் போகிறோம். ஆத்தங்குடித் தரைக் கல், பழைய வாசல் நிலை, கதவு இவற்றையும் ஏற்ற வேண்டியிருக்கும். கையில் பதினைந்து லட்சம். புதிய வண்டி எடுக்க மாட்டேன். பார்த்து வைத்திருப்பவை இரண்டு: 2013 டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0 லிட்டர் டீசல், 2017 ஃபோர்டு எண்டவர் 3.2 லிட்டர் டீசல். எதை எடுக்கலாம்?

டீசல் பிரியன் எழுதியது:

எண்டவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐந்து சிலிண்டர், 200 குதிரைத் திறன், 470 நியூட்டன் மீட்டர் இழுவை. நீங்கள் சொல்லும் ஃபார்ச்சூனரில் 171-ம் 343-ம்தான். ஆறு பேரும் சாமானும் ஏறிய பிறகு, புதுக்கோட்டை தாண்டித் திருமயம் வரும் வழியில் வரிசையாகப் போகும் லாரிகளை முந்திப் பாருங்கள். அப்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். அப்பச்சியின் முழங்காலுக்கும் இதுதான் நல்லது. பின்பக்கம் காயில் ஸ்பிரிங், பின் அச்சைப் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்கேஜ். பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் பின்னால் இருப்பவர்கள் தூக்கியடிக்கப்படுவதில்லை. சாமான் விஷயம் இன்னும் தெளிவு. எண்டவரில் கடைசி வரிசை தரையோடு சமமாக மடிந்து படுத்துவிடும். ஃபார்ச்சூனரில் அது இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கும். டிக்கியின் அகலத்தில் பாதி அதற்கே போய்விடும்.

குன்றக்குடி மயில் எழுதியது:

தம்பி, குதிரைத் திறனை வைத்துக்கொண்டு உதிரிபாகம் வாங்க முடியாது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. எண்டவர் பிறந்த மறைமலை நகர் ஆலையும் அதற்கு அடுத்த ஆண்டு ஓய்ந்துவிட்டது. சர்வீஸ் தொடரும் என்றார்கள், தொடர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காரைக்குடியில் ஒரு சென்சார் போய் நின்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஏற்றி அனுப்ப வேண்டும், பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். டொயோட்டா என்றால் தெருமுனை மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கிறது. விற்கப் போனாலும் ஃபார்ச்சூனர் விலை இறங்காது. நெடும்பயணத்துக்கு நம்பிக்கைதான் முதல் தேவை. வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டீசல் பிரியன் எழுதியது:

அதே ஆலையைத் திறக்கப் போவதாக 2024-இல் அறிவிப்பு வந்ததை மயில் அண்ணன் படிக்கவில்லை போலும்.

குன்றக்குடி மயில் எழுதியது:

படித்தேன். ஏற்றுமதிக்காகத் திறக்கிறார்கள். 2017 எண்டவருக்குக் கதவுக் கைப்பிடி செய்து தருவதற்காக அல்ல.

ஸ்பேனர் 12-14 எழுதியது:

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு வண்டிகளும் என்னிடம் வருகின்றன. உங்கள் இருவரின் சண்டை பெயர்ப்பலகையைப் பற்றியது. நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய 3.0 ஃபார்ச்சூனர் இன்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்க இருப்பது டைமிங் பெல்ட். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை ஒட்டி அதை மாற்றியே ஆக வேண்டும். 2013 வண்டி அந்த எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றிய பில்லைக் கேளுங்கள். "மாற்றியாயிற்று, பில் தொலைந்துவிட்டது" என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையில் கழியுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். அதற்குப் பிறகு செலவுக்கு வரம்பே இல்லை. எண்டவர் 3.2-இல் செயின்தான், அந்தக் கவலை இல்லை. அதற்கு வேறொரு குணம் உண்டு: ஆயில் மாற்றும்போது பழையதை வடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. வெகுநேரம் காலியாக விட்டால் ஆயில் பம்ப் வறண்டு, அடுத்த ஸ்டார்ட்டில் ஆயிலை மேலே இழுக்காது. இது தெரியாத கைகளில் போன வண்டியா என்று ஜாப் கார்டுகளை (சர்வீஸ் பதிவுகளை) வாங்கிப் பாருங்கள்.

இனி இரண்டுக்கும் பொது. காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்கள் போய் நின்றபிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், மறுநாள் போகலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் உள்முனையை மறந்துவிடுவார்கள், அங்கே சேற்றுக் கோடு இருக்கும். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பரில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். 2013 வண்டிக்கு 2015 டிசம்பரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் இந்த இலக்கத்தின்படி டயர் வண்டியைவிடப் புதியதாக, அதாவது இரண்டாம் ஜோடியாக இருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஓடிய வண்டியென்றால் ராம்பில் ஏற்றி அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இவை எல்லாம் ஏணிச்சட்ட வண்டிகள், அதாவது ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உடலை உட்கார வைத்தவை. சட்டம் கெட்டால் மேலே இருக்கும் தோல் இருக்கை எதற்கு?

ஹூஸ்டன் பங்காளி எழுதியது:

இங்கே முழு அளவு எஸ்யூவி என்றால் செவர்லே சபர்பன். 2021 மாடல் 5.7 மீட்டருக்கு மேல் நீளம். மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்த பிறகும் பின்னால் பெட்டிகள் அடுக்கலாம். உங்கள் ஃபார்ச்சூனர் 4.8 மீட்டர்கூட இல்லை. இடம் போதவில்லையென்றால் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

கோட்டையூர் கணக்கு எழுதியது:

பங்காளி, நம் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இங்கே காருக்குப் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் திருச்சி போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் நீளம் பற்றிச் சொன்னது உண்மை, இங்கே யாரும் அதைத் தொடவில்லை. வளவு அண்ணன் ஆறு பேர் என்கிறார். ஆறு பேர் என்றால் மூன்றாம் வரிசையை விரித்தாக வேண்டும். விரித்தபின் இந்த இரண்டு வண்டிகளிலும் டிக்கி என்று மிஞ்சுவது இரண்டு பைக்கான இடம். தரையோடு மடியும் என்று டீசல் பிரியன் பெருமைப்படுகிற இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அது எப்படி மடியும்?

இப்போது எடை. ஏழு இருக்கை வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆளும் சாமானும் சேர்த்து ஐந்நூறிலிருந்து அறுநூறு கிலோ வரைதான் ஏற்றலாம். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஆறு பேரில் பிள்ளைகளைக் குறைத்துப் போட்டாலும் 320 கிலோ. பைகள், தண்ணீர், பலகாரம் 70. மிச்சம் நூற்றுச் சொச்சம், மிஞ்சினால் இருநூறு. எட்டு அங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல்லில் நூறு சதுர அடி போட 225 கற்கள் வேண்டும். கல் ஒன்று ஒன்றரைக் கிலோ என்று வைத்தாலும் 340 கிலோவை ஒட்டி வருகிறது. ஓர் அறைக்கே இந்தக் கணக்கு. பெரிய கூடமான பட்டாலையை நினைத்துப் பாருங்கள். நிலையை மேலே கட்டலாம் என்றால், கூரையில் ஏற்றும் எடை பெரும்பாலான வண்டிகளில் நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. பர்மாத் தேக்கு நிலை அந்தக் கணக்கில் அடங்காது. அதிலும் உயரமான வண்டியின் தலையில் பாரம் ஏற்றினால் வளைவில் அது சாயப் பார்க்கும்.

ஆகவே குடும்பத்துக்கு ஒரு வண்டி, கல்லுக்கு ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் சிறு லாரி). முக்கால் டன் ஏற்றும், வாடகை கொடுத்தால் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகும். அதில்கூடக் கற்களைப் படுக்க வைக்காமல், வைக்கோல் கொடுத்து நிற்க வைத்து அடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூலைகள் உதிரும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் கல்லுக்காக ஆண்டு முழுவதும் இரண்டு டன் இரும்பை ஓட்டி டீசல் எரிக்க வேண்டுமா?

டீசல் பிரியன் எழுதியது:

ஆனை வாங்குகிறவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. எல்லோரும் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் நம் ஊரில் ஆயிரம் ஜன்னல் வீடு எழுந்திருக்குமா?

கோட்டையூர் கணக்கு எழுதியது:

கணக்குப் பார்த்தவர்கள்தான் கட்டினார்கள். பேரேட்டில் ஒரு அணா விடுபட்டால் இரவெல்லாம் தேடுகிறவர்கள் அவர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள். ஆத்தா அந்த வண்டியில் எப்படி ஏறுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புடவை கட்டிய எழுபது வயதுக்காரரைப் ஃபார்ச்சூனரின் படியில் கால் வைத்து ஏறச் சொல்லிப் பாருங்கள், பிறகு 470 நியூட்டன் மீட்டரைப் பற்றிப் பேசலாம். கோயில் கோயிலாக இறங்கி ஏறும் குடும்பம் இது. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி என்று ஒரே நாளில் போய்வந்தால் எத்தனை தடவை ஏற வேண்டும்?

இன்னோவா கிரிஸ்டாவை ஏன் யாரும் சொல்லவில்லை? 2016-இல் வந்த வண்டி, 2.4 டீசல், 150 குதிரைத் திறன், அதுவும் ஏணிச்சட்டம்தான், பின்சக்கர இழுவைதான். இழுவையும் அதே 343, பழைய ஃபார்ச்சூனருக்குக் குறைவில்லை. டைமிங் பெல்ட் தொல்லையும் இல்லை, செயின். தரை தாழ்வு. நடு வரிசையில் தனித்தனி இருக்கை உள்ள வண்டியாகப் பார்த்து எடுத்தால் அப்பச்சி காலை நீட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இருப்பது அதுதான். காசிச் சத்திரம்வரை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், போய்த் திரும்பினோம். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

டீசல் பிரியன் எழுதியது:

ஆச்சி, மன்னிக்கவும், அது எஸ்யூவி அல்ல. டாக்சி.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

டாக்சிக்காரர் வண்டி நின்றால் அன்றைக்குச் சோறு இல்லை. அவர் எதை வாங்குகிறார் என்று பார்த்து வாங்குவதில் எனக்கு வெட்கம் இல்லை தம்பி.

ஸ்பேனர் 12-14 எழுதியது:

ஆச்சி சொல்வதில் ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். அந்தக் காரணத்தாலேயே பழைய கிரிஸ்டாவில் மீட்டரைத் திருப்பும் ஆசை விற்பவர்களுக்கு அதிகம். வாடகைக்கு ஓடிச் சொந்தப் பதிவுக்கு மாறிய வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. பதிவு வரலாற்றைப் பாருங்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் தேய்ந்து மினுங்க, மீட்டரில் அறுபதாயிரம் என்றால் நம்பாதீர்கள். பின்வரிசை ஏசி திறப்புகளையும் பாருங்கள். வாடகை வண்டியில் அவை ஆடிக்கொண்டிருக்கும்.

குன்றக்குடி மயில் எழுதியது:

கிரிஸ்டாவும் டொயோட்டாதான் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதே பணத்துக்கு டெல்லியிலிருந்து இன்னும் புதிய ஃபார்ச்சூனரே கிடைக்கும். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்ட நாளிலிருந்து, எல்லையை நெருங்கிய வண்டிகளை மலிவாகத் தள்ளிவிட்டு வந்தார்கள்.

கோட்டையூர் கணக்கு எழுதியது:

மலிவு டெல்லியிலேயே முடிந்துவிடும். அங்கே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். இவற்றோடு ஓட்டிவரும் செலவையும் கூட்டிவிட்டு மறுபடி விலையைப் பாருங்கள்.

இன்னொன்று. 2013 வண்டியின் பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுக்குத்தான், 2028-இல் முடிகிறது. பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். விற்கப் போகும்போது வாங்குகிறவரும் இதையே சொல்லி விலையைக் குறைப்பார். ஃபார்ச்சூனர் விலை இறங்காது என்ற மயில் கட்சியின் நம்பிக்கைக்கும் வயது வரம்பு உண்டு.

எந்த வண்டி எடுத்தாலும் பெயர் மாறிய பதினான்கு நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் எதிராளிக்கான காப்பீடு தொடரும், ஆனால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும். அதையும் சேர்த்து விலை சொன்னால் ஏமாறாதீர்கள். கடனில் எடுத்த வண்டியாக இருந்தால் கடன் தீர்ந்ததென்று வங்கி தந்த படிவம் 35 கையில் வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தேவகோட்டை வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்னதை ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பள்ளத்தூர்க்காரிக்குத்தான் விவரம் தெரிகிறது" என்றார்கள். கணக்கு அண்ணன் சொன்னபடி கல்லை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன், அதற்குக் குட்டி யானை. 2013 ஃபார்ச்சூனரும் பட்டியலில் இல்லை. மதுரையில் 2018 கிரிஸ்டா ஒன்று, முதல் உரிமையாளர், ஜாப் கார்டுகள் முழுவதும் இருப்பதாகச் சொல்கிறார்கள். திருச்சியில் அந்த 2017 எண்டவர். ஞாயிறு காலை முதலில் மதுரை. ஸ்பேனர் அண்ணன் உடன் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

டீசல் பிரியன் எழுதியது:

திருச்சியையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எண்டவரில் ஏற முடிகிறதா என்று அவர்களே சொல்லட்டும்.

ஸ்பேனர் 12-14 எழுதியது:

ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். நாம் வருவதாக முந்தைய நாள் சொல்ல வேண்டாம், இன்ஜின் சூடாகிவிடும். என்ன விலைவரை போகப் போகிறோம் என்பதை மட்டும் இங்கே எழுதாதீர்கள், தரகர்களும் இதைப் படிக்கிறார்கள்.